ஆடி கழியட்டும்

லோபாக், சிரம்பான்
12 அக்டோபர் 1942

அன்பான பஞ்சாலைக்கு,

உன் நாத்தனார் முத்தாயி எழுதுகிறேன். நானும் உனக்கு அண்ணன் முறையான என் வீட்டுக்காரரும் உயிரோடும் ஒரு வேளைச் சோற்றோடும் இருக்கிறோம். நீயும் என் தம்பியும் என் மருமகள் மாரியம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? நாலு வரி எழுதினால் உன் விரல் தேய்ந்துவிடாது. தோட்டத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பு வரை படித்தவள் நீ. மூன்றாம் வகுப்போடு நின்ற நானே எழுதுகிறேன் பார். மாட்டுவண்டி அர்ச்சுனன் மரவள்ளி ஏற்ற மாதம் இரண்டு தடவை உங்கள் சுவா தோட்டத்துக்கு வருகிறான். தபாலை நம்பாமல் அவன் கையில் கொடுத்துவிடு.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சைக்கிள் கடைக்கு அடுத்த வீடு விலைக்கு வந்திருக்கிறது. சோற்றுக்கடை நஜிமுதீன் பாயின் வீடுதான். அரிசி இல்லாமல் அவர் எதை வைத்துச் சோற்றுக்கடை நடத்துவார்? மலாக்காவில் மனைவி வீட்டாரோடு போய் இருக்கப் போகிறாராம். பலகை வீடு, தகரக் கூரை, இரண்டு அறை, பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு ரம்புத்தான் மரம். சண்டைக்கு முன்னால் எழுநூறு வெள்ளிக்குக் கேட்டும் கொடுக்காத மனுஷர் இப்போது முந்நூற்றெண்பது சொல்கிறார். டவுன்காரர்கள் பயந்துகொண்டு கம்பம், கிராமம் என்று அந்தப் பக்கம் போகிறார்கள். வீடு வாங்க ஆள் இல்லை.

அங்கே ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலையும் போய்ச் சம்பளமும் போய் நீங்கள் எதற்காகத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் கிடக்க வேண்டும்? சைக்கிள் டயருக்குப் பதிலாக ரப்பர்க் குழாயை வெட்டிச் சுற்றுகிற வேலை உன் அண்ணனுக்குக் குவிந்து கிடக்கிறது. கூட ஒரு ஆள் வேண்டும். வீட்டு எண் இருந்தால்தான் டவுனில் அரிசி அட்டை கொடுப்பார்கள், அதனால் வீடு முதலில். எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கிற ஒற்றை அறையில் வந்து இருங்கள் என்று நான் சொல்லலாம். மச்சான் வீட்டில் ஒண்ட மாட்டேன் என்று தம்பி முறைப்பான்.

அவனிடம் நீதான் பேச வேண்டும். பாசார் கலைகிற நேரம் பார்த்து மீன் வாங்கப் போகிறவன் அவன். மலிவாகத்தான் வாங்கி வருவான், கண் வெளுத்த மீனாக. வீட்டையும் அப்படி வாங்க விட்டுவிடாதே.

ஜப்பான்காரன் கடிகாரத்தை ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டான் அல்லவா, ராகு காலம் பார்க்க நான் தினமும் விரல்விட்டுக் கணக்குப் போடுகிறேன். உன் அண்ணன் சிரிக்கிறார். "ராகுவும் ஜப்பான்காரனுக்குச் சலாம் போட்டுட்டான் லா" என்கிறார்.

மாரியம்மாவுக்கு என் முத்தம்.

உன் அண்ணி,
முத்தாயி


சுவா தோட்டம், கீழ் லயம்
2 நவம்பர் 1942

அன்புள்ள அண்ணிக்குப் பஞ்சாலை வணங்கி எழுதுவது.

உங்கள் கடிதத்தை உங்கள் தம்பிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மீன் கதை வந்த இடத்தில் மட்டும் சிரித்தார். பிறகு சொன்னார்: "பத்து மாசத்துல எழுநூறு முந்நூத்தெம்பது ஆயிருச்சின்னா, தை மாசம் முந்நூறுக்கு வரும். இப்ப எதுக்குப் பறக்கணும்?" கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது.

இங்கே பால் வாளிகள் துருப்பிடித்துக் கிடக்கின்றன. ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டு மரவள்ளி நடச் சொல்கிறார்கள். ஆபீஸ் கணக்கு எழுதுகிற கிராணி திருநாவுக்கரசு ஜப்பான்காரனுக்குக் குனிந்து குனிந்து முதுகு வளைந்து போய்விட்டார். மாரியம்மா காலில் ஒரு புண், ஆறமாட்டேன் என்கிறது.

உங்களிடம் மட்டும் ஒன்று கேட்கிறேன். அந்த வீட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? நான் லயத்தில் பிறந்து லயத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். விடிவதற்கு முன்னால் வேலை வாங்குகிற மண்டோர் வந்து கம்பால் கதவைத் தட்டி, பேர் படிக்கிற பெரட்டுக்குக் கூப்பிடுவார். முப்பது வயசு வரைக்கும் அந்தச் சத்தத்தில்தான் கண் விழித்திருக்கிறேன். யாரும் கதவைத் தட்டாத ஒரு வீட்டில் ஒரு நாளாவது தூங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. இதைச் சொன்னால் உங்கள் தம்பி கேலி செய்வார். நீங்கள் செய்ய மாட்டீர்கள்.

உங்கள் தம்பி மனைவி,
பஞ்சாலை


லோபாக்
9 பிப்ரவரி 1943

அன்பான பஞ்சாலைக்கு,

தாழ்ப்பாள் இருக்கிறது. இரும்புத் தாழ்ப்பாள், என் கை நீளம். நானே போய் உள்ளே நின்று போட்டுப் பார்த்தேன். பாயின் மனைவி ரம்ஜான் பீவி என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

உன் புருஷன் ஜெயித்துவிட்டான். பாய் முந்நூற்றிருபதுக்கு இறங்கிவிட்டார். எனக்குத் தெரியும், இதைப் படித்தவுடன் அவன் காலை நீட்டி உட்கார்ந்து "பாத்தியா?" என்பான். சரி, பார்த்தோம். இப்போது வாங்கச் சொல். போன வாரம் இரண்டு பேர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் பன்றிக் கடை முதலாளி, அந்தச் சீனத் தவ்கே. நோட்டு நிறைய வைத்திருக்கிறவர்கள் இப்போது வீட்டைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், அது எனக்குப் பிடிக்கவில்லை.

மாரியம்மா புண்ணுக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடு. அர்ச்சுனனிடம் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் கொடுத்திருக்கிறேன். அவன் வழியில் தலையில் தேய்த்துக்கொள்ளாமல் இருந்தால் உனக்கு வந்து சேரும்.

முத்தாயி


சுவா தோட்டம்
25 ஏப்ரல் 1943

அன்புள்ள அண்ணிக்கு,

எண்ணெய் வந்தது, அரைச் சீசா. புண் ஆறி வருகிறது.

உங்கள் தம்பி இருநூற்றெண்பதில் நிற்கிறார். நான் அழுதும் பார்த்தேன், பேசாமல் இருந்தும் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் பால் வெட்டிச் சேர்த்த காசு, அதில் நாற்பது வெள்ளி குறைந்தால் அது நாலு மாத உழைப்பு என்கிறார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது, அதுதான் என் கஷ்டம்.

ஆனால் இங்கே ஒன்று நடந்திருக்கிறது. புக்கிட் பெலண்டோக் பக்கத்துத் தோட்டத்தில் ஆள் எடுத்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, சாப்பாடு, துணி எல்லாம் உண்டு என்று சொல்லித் தோட்டத்துப் பேர்ப் பட்டியலைப் பார்த்துப் பேர் படித்தார்களாம். என் சித்தப்பா மகன் ராமசாமியும் போய்விட்டான். போய் ஐந்து வாரம். எழுதத் தெரிந்தவன், ஒரு வரி எழுதவில்லை.

பட்டியலில் பேர் இருக்கிறவர்களைத்தான் எடுக்கிறார்கள். டவுனுக்குக் குடிபோனால் கிராணி பேரை அடித்துவிடுவார். நான் சொன்னேன். "கட்டை பிரம்மச்சாரிங்களைத்தான் எடுக்கறாங்க, புள்ளைக்காரன எவன் கூப்பிடுறான்" என்று உங்கள் தம்பி மரவள்ளிக் கிழங்கைப் பிடுங்கப் போய்விட்டார். நீங்கள் ஒரு கடிதம் அவர் பேருக்கே எழுதுங்கள். காரமாக எழுதுங்கள்.

பஞ்சாலை


லோபாக்
10 ஜூன் 1943

பஞ்சாலைக்கு,

அவன் பேருக்கு எழுதினால் அவன் உன்னிடம்தான் படிக்கக் கொடுக்கப் போகிறான். ஆகையால் உனக்கே எழுதுகிறேன், நீ சத்தமாகப் படி.

தம்பி இராஜமாணிக்கம், பாய் வீட்டு விலை இன்றைக்கு அறுநூற்றைம்பது வெள்ளி. உன் இருநூற்றெண்பதை எடுத்து அடுப்பில் வை. ஜப்பான்காரன் வாழைமரம் போட்ட நோட்டை அச்சடித்துத் தள்ளுகிறான். அதைக் கையில் வைத்திருக்க எவனுக்கும் பிடிக்கவில்லை. நிலமோ வீடோ எது கிடைத்தாலும் வாங்கிப் போடுகிறார்கள். வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. பன்றிக் கடைத் தவ்கே எழுநூறு தருகிறேன் என்று வந்துவிட்டார். நான் பாயின் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டு, பதினான்கு வருஷம் பக்கத்து வீட்டுக்காரி கேட்கிறேன் என்று கேட்டேன். பாய் நல்லவர். "ஒங்க தம்பிக்குன்னா அறுநூத்தம்பது, ஆனா ஆனி மாசம் முடியறதுக்குள்ள முழுசும் கைக்கு வரணும்" என்றார். என் வளையல் ஒன்றைக் கொடுத்து அச்சாரம் போட்டுவிட்டேன்.

சயாமுக்கு ஆள் எடுக்கிற பேச்சு இங்கேயும் காதில் விழுகிறது. கல்யாணம் ஆனவன், ஆகாதவன் என்று இப்போது பார்ப்பதில்லையாம். தம்பி, நீ கெட்டிக்காரன்தான், ஒத்துக்கொள்கிறேன். கிளம்பி வா.

முத்தாயி


சுவா தோட்டம்
1 ஜூலை 1943

அன்புள்ள அண்ணிக்கு,

சத்தமாகப் படித்தேன். மறுநாள் மேல் லயத்தில் பதினோரு பேரை எடுத்தார்கள். ஏழு பேர் பிள்ளைக்காரர்கள். அன்றைக்கு ராத்திரியே உங்கள் தம்பி என் சங்கிலியைக் கேட்டார். நான் ஏற்கனவே கழற்றி வைத்திருந்தேன்.

சங்கிலியையும் இரண்டு ஆட்டையும் விற்று, சேர்த்து வைத்ததோடு போட்டு அறுநூற்றைம்பதும் தேறிவிட்டது. அர்ச்சுனனின் ஒரு மாடு காலில் அடிபட்டு நிற்கிறது. அது நடந்தவுடன் அவனிடம் கொடுத்தனுப்புகிறோம். உங்கள் தம்பி இப்போது என்னைவிட அவசரப்படுகிறார். பாயிடம் காசு சேர்ந்த அன்றே நாங்கள் கிளம்பி வந்துவிடுகிறோம் அண்ணி. பாய் உள் அறையைக் காலி செய்யாவிட்டாலும் பரவாயில்லை, முன் அறையில் படுத்துக்கொள்கிறோம். கிராணியிடம் பேசியாகிவிட்டது, டவுன் விலாசத்தைக் காட்டினால் பேரை அடித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

மாரியம்மா தன் கொட்டாங்கச்சிகளை எல்லாம் ஒரு துணியில் கட்டி வைத்துவிட்டாள்.

பஞ்சாலை


லோபாக்
21 ஜூலை 1943, ஆடி 5

அன்பான பஞ்சாலை,

காசு ஆனி கடைசி நாள்தான் வந்து சேர்ந்தது. அர்ச்சுனன் மாட்டைக் கெஞ்சிக் கெஞ்சி ஓட்டி வந்திருக்கிறான். அன்று மாலையே பாயிடம் எண்ணிக் கொடுத்துவிட்டோம். வீடு உங்களுடையது. என் வளையலும் திரும்பி வந்துவிட்டது.

ஆனால் விடிந்தால் ஆடி. கோபப்படாமல் படி. ஆடியில் புது வீட்டில் கால் வைக்கக் கூடாது. எல்லோரும் சொல்வதுதானே என்று நினைக்காதே. உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன், தம்பிக்குத் தெரியும். நாங்கள் இந்தக் கடைக்கு வந்தது ஆடியில்தான். வாடகை ஒரு மாதம் மிச்சம் என்று உன் அண்ணன் அவசரப்பட்டார், நானும் சரி என்றேன். அப்போது என் கையில் எட்டு மாதப் பையன் இருந்தான். புரட்டாசி பிறந்தபோது அவன் இல்லை. பிறகு எனக்கு இன்னொன்று பிறக்கவே இல்லை. யார் என்ன சொன்னாலும் மாரியம்மாவை ஆடியில் அந்த வாசல்படி ஏற விட மாட்டேன்.

ஆவணி மூன்றாம் தேதி வியாழக்கிழமை நல்ல நாள். காலை எட்டு மணிக்கு, பழைய மணிப்படி, பால் காய்ச்சலாம். இன்னும் இருபத்தொன்பது நாள்தான். ஆடி கழியட்டும், பஞ்சாலை. பாயும் சாமான்களை எடுக்க நாளாகும் போலிருக்கிறது. பத்திரமும் ஆவணியிலேயே எழுதிக்கொள்ளலாம்.

உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

முத்தாயி


சுவா தோட்டம்
30 ஜூலை 1943

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் பையனைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரியாமல் எத்தனை தடவை உங்களிடம் பிள்ளைப் பேச்சுப் பேசியிருக்கிறேனோ, மன்னித்துவிடுங்கள்.

பாய் இன்னும் காலி செய்யவில்லை என்று அர்ச்சுனன் வாய்மொழியாகச் சொன்னான். அப்படியானால் உங்கள் வாசலில் பாய் விரித்துப் படுக்கலாமா என்று உங்கள் தம்பியிடம் கேட்டேன். "அக்கா சொன்னா அதான் பஞ்சாங்கம். இத்தனை நாள் நான் இழுத்தடிச்சேன், அது இருவது நாள் இழுக்கக் கூடாதா?" என்றார். அவர் முகத்தில் முன்பு இருந்த அந்தக் கெட்டிக்காரச் சிரிப்பு இல்லை. உங்கள் பையனை அவர்தான் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்தாராம், அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார்.

கிராணி இந்த ஆடி முடியும்வரை உங்கள் தம்பி பேரைப் படிக்காமல் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லவில்லை.

எல்லாவற்றையும் மூட்டை கட்டியாகிவிட்டது. சமைக்கும்போது ஒவ்வொரு பாத்திரமாக அவிழ்த்து எடுத்துத் திரும்பவும் கட்டி வைக்கிறேன். கிணற்றடியில் வைக்க மஞ்சள் கிழங்கு நாலு எடுத்து வைத்திருக்கிறேன். பால் காய்ச்சும் அன்றைக்கு ஒரு பிடி அரிசியாவது வேண்டும் என்று உங்கள் தம்பி அலைகிறார். அன்றைக்கும் மரவள்ளியா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை.

பஞ்சாலை


சுவா
11 ஆகஸ்டு 1943

அண்ணி,

திங்கட்கிழமை காலை ஆபீசில் அரிசி கொடுக்கிறார்கள், ஆம்பிளைகள் எல்லோரும் கோணி கொண்டு வந்து கைநாட்டு வைத்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று மண்டோர் கதவு கதவாகத் தட்டிச் சொன்னார். இவர் சந்தோஷமாக எழுந்தார். "பாத்தியா, பொங்கலுக்கு அரிசி வந்துருச்சி" என்றார். மூட்டை கட்டத் துவைத்து வைத்திருந்த கோணியை நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன்.

ஆபீசுக்குப் பின்னால் லோரிகள் நின்றன. முப்பத்திரண்டு பேர். நாங்கள் ஓடிப் போனபோது லோரி நகர்ந்துவிட்டது. அவர் என்னைப் பார்த்தாரா தெரியவில்லை. கோணி அவர் தோளில் இருந்தது. எங்கள் லயத்து வீரமுத்து அவர் பக்கத்தில் நின்றான்.

இன்னும் பத்து நாள் இருந்தது.

பஞ்சாலை


லோபாக்
16 ஆகஸ்டு 1943

என் கண்ணே பஞ்சாலை,

அர்ச்சுனன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு நிற்கவே இல்லை, போய்விட்டான். உன் அண்ணன்தான் படித்தார். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். சயாம் ரயில் ஞாயிறுதான் போயிற்று என்றும் சொல்கிறார்கள், செவ்வாயே போய்விட்டது என்றும் சொல்கிறார்கள். பெட்டிகளின் கதவைச் சாத்தியிருந்தார்களாம். என் தம்பி இந்த ஊர் வழியாகத்தான் போயிருக்கிறான், நான் பார்க்கவில்லை.

நீ குழந்தையைக் கூட்டிக்கொண்டு உடனே வா. வீடு தயாராக இருக்கிறது. ஆவணி பிறக்கிறது. அவன் மூன்று மாதத்தில் வந்துவிடுவான். வரும்போது நீ நம் வீட்டில் இரு.

முத்தாயி


லோபாக்
28 நவம்பர் 1943

பஞ்சாலை,

இது நான்காவது கடிதம். நீ வாங்கிக்கொள்கிறாய் என்று அர்ச்சுனன் சொல்கிறான். பதில் மட்டும் தர மாட்டேன் என்கிறாய். திட்டியாவது எழுது.

பத்திரம் முடிந்தது. உன் பெயரில் எழுதச் சொன்னேன். ஆபீசில் எழுதுகிறவர் புருஷன் எங்கே என்று கேட்டார், வேலைக்குப் போயிருக்கிறான் என்றேன். வீட்டைத் தினமும் பெருக்குகிறேன். ரம்புத்தான் காய்த்தது, பறிக்க மனம் வரவில்லை, வௌவால் தின்றுவிட்டுப் போயிற்று.

மாரியம்மாவை நினைத்தாவது வா.

முத்தாயி


சுவா தோட்டம்
20 பிப்ரவரி 1944

அண்ணிக்கு,

மாரியம்மாவுக்கு மூன்று மாதமாகக் காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இப்போது எழுந்து நடக்கிறாள். அதனால்தான் எழுதவில்லை என்று சொன்னால் பொய்.

நான் வர முடியாது. அவர் திரும்பினால் லோரி இந்த ஆபீசுக்குத்தான் வரும். இங்கே வந்து கதவைத் தட்டுவார். வேறு யாராவது திறந்து, பஞ்சாலை டவுனுக்குப் போய்விட்டாள் என்று சொல்ல நான் விட மாட்டேன். அவர் இல்லாமல் அந்த வீட்டில் எனக்கு என்ன? மூட்டைகளை அவிழ்த்துவிட்டேன்.

பஞ்சாலை


லோபாக்
4 ஜூலை 1945

பஞ்சாலைக்கு,

போன வருஷம் வர முடியாது என்று எழுதினாயே, அதற்குப் பிறகு நான் எழுதிய எதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்குப் போட்டே ஆக வேண்டும், உன் கையெழுத்து இல்லாமல் காரியம் நடக்காது.

பன்றிக் கடைத் தவ்கே பாய் வீட்டுக்கு நாற்பத்தையாயிரம் வெள்ளி தருகிறார். ஆமாம், உங்கள் அறுநூற்றைம்பது வெள்ளி வீட்டுக்கு. வாழைமர நோட்டைக் கோணியில் கட்டி வைத்திருக்கிறார், எப்படியாவது அதைக் கையைவிட்டுத் தள்ள வேண்டும் அவருக்கு. உன் அண்ணன் விற்கலாம் என்கிறார். "இதுக்கு மேல எந்த மடையன் தருவான்? நாளைக்கு வெலை எறங்குனா என்னா பண்றது?" என்கிறார். அந்தப் பணத்தில் உனக்கு நாலு மூட்டை அரிசியும் துணியும் மாரியம்மாவுக்கு மருந்தும் வாங்கலாம். ஏறுமா இறங்குமா என்று எனக்குத் தெரியவில்லை. வீடு உன்னுடையது. விற்கவா, வேண்டாமா? ஒரு வார்த்தை எழுது.

இன்னொன்று. இதை எழுதாமல் இந்தக் கடிதத்தை அனுப்பக் கூடாது என்று மூன்று நாளாக வைத்திருந்தேன்.

பாய் காலி செய்யவில்லை என்று சொல்லியனுப்பினேனே, அது பொய். ஆடி பத்தாம் தேதி காலையிலேயே அவர் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டார். சாவியை என் கையில் கொடுத்தார். "புள்ளைங்கள நாளைக்கே வரச் சொல்லுங்கம்மா, பூட்டிக் கெடந்தா வீடு உளுத்துரும்" என்றார். அர்ச்சுனன் அன்றைக்குத்தான் உங்கள் பக்கம் கிளம்பினான். சாவியை அவனிடம் கொடுத்திருந்தால் போதும். சாவி கிடைத்துவிட்டது என்று தெரிந்தால் நீ வந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் கொடுக்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டி வைத்தேன். பதினான்கு நாள் அது அங்கே தொங்கியது, பஞ்சாலை. அதற்கு நேராக நின்றுதான் தினமும் விளக்கேற்றி உங்களைக் காப்பாற்றச் சொல்லிக் கும்பிட்டேன்.

உன் அண்ணனுக்குக்கூட இது தெரியாது. என் பையன் போன பிறகு நான் பயந்த பயத்தை உன்னிடம் சொல்லிவிட்டேன். வேறு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இனி நீ என்னை அண்ணி என்று கூப்பிட வேண்டாம் என்றால் கூப்பிட வேண்டாம்.

முத்தாயி


சுவா தோட்டம்
18 ஜூலை 1945

அண்ணிக்கு,

இதைத் தனியாகப் படிக்க வேண்டாம். அண்ணன் பக்கத்தில் இருக்கட்டும், நீங்கள் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

வீரமுத்து வந்துவிட்டான். சயாமிலிருந்து தப்பி, காட்டிலும் கெடா வயல்களிலும் ஒளிந்து ஒளிந்து நடந்து சித்திரையில் வந்து சேர்ந்தான். என் வாசலில் நின்றபோது எனக்கு அவனை அடையாளம் தெரியவில்லை. உங்கள் தம்பி இறந்துவிட்டார். போன அந்த வருஷமே, கார்த்திகையில். வாந்திபேதி. நாலு மாதம்கூட இல்லை. நோய்க்காரர்களைத் தனிக் கொட்டகையில் போட்டுவிடுவார்களாம், யாரும் கிட்டப் போக மாட்டார்களாம். வீரமுத்து போய்க் கஞ்சித் தண்ணீர் கொடுத்திருக்கிறான்.

மூன்று மாதமாக இது எனக்குத் தெரியும். நீங்கள் அவர் கூடப் பிறந்தவர், உங்களுக்கு எழுதவில்லை. எழுதக் கூடாது என்றுதான் எழுதவில்லை. ஆடி வேண்டாம் என்று சொன்னீர்களே, இன்னும் கொஞ்ச நாள் காத்துக்கொண்டே இருங்கள் என்று நினைத்தேன். அவ்வளவு கெட்ட மனசு எனக்கு வந்துவிட்டது. இப்போது உங்கள் கடிதத்தைப் படித்தேன். நீங்கள் சாவியை ஒளித்தீர்கள், நான் சாவை ஒளித்தேன். இதை எழுதும்போது உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்க்கிறேன். இருக்கிறது அண்ணி. நிறைய இருக்கிறது. கோணியை அவிழ்த்துக் கொடுத்த என் கை மேலும் இருக்கிறது.

வீரமுத்து இன்னொன்றும் சொன்னான். வேலை முடிந்து படுக்கும்போது உங்கள் தம்பி எல்லோரிடமும் வீட்டைப் பற்றிப் பேசுவாராம். கிணறு, ரம்புத்தான் மரம், தகரக் கூரை, எல்லாம். நீங்கள் எழுதியதை நான் படித்துக் காட்டியதைத் தவிர அந்த வீட்டை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. "ஆவணி மூணாந் தேதி பால் காச்சியிருப்பாங்க. எம் பொண்டாட்டி இந்நேரம் தாப்பாளப் போட்டுக்கிட்டுத் தூங்குவா. ஒரு பயலும் கதவத் தட்ட மாட்டான்" என்பாராம். கடைசி நாளும் அதைத்தான் சொன்னாராம். அவர் கேலி செய்வார் என்று நான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்த ஆசை அது. நீங்கள் சொன்னீர்களோ, அவராகத் தெரிந்துகொண்டாரோ, தெரியவில்லை.

அவர் அப்படி நினைத்துக்கொண்டு போனார். நான் இரண்டு வருஷம் இங்கேயே மண்டோர் தட்டத் தட்ட எழுந்துகொண்டிருந்தேன்.

வீட்டை விற்க வேண்டாம். இன்றைக்கு விற்றால் நல்ல விலை என்று அண்ணன் சொல்கிறார், அது உண்மையாகவும் இருக்கலாம். நல்ல விலைக்குக் காத்திருந்தவரை நமக்குத் தெரியும். அந்தக் கோணி நோட்டைத் தவ்கேயே வைத்துக்கொள்ளட்டும்.

நான் வருகிறேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அர்ச்சுனன் வண்டியில் மாரியம்மாவோடு வருகிறேன். ஆடிதான். பிற்பகல் வந்து சேர்வேன், ராகு காலமாக இருக்கும். பழைய மணியா ஜப்பான் மணியா என்று கணக்குப் போடாதீர்கள், எந்த மணியில் பார்த்தாலும் எனக்கு ஒன்றுதான். பால் காய்ச்ச வேண்டாம், கோலம் போட வேண்டாம். நீங்கள் வாசலில் நிற்க வேண்டாம். உங்கள் முகத்தைப் பார்த்தால் நான் என்ன சொல்வேன் என்று எனக்கே தெரியவில்லை, என் வாயிலிருந்து வருவதை நீங்கள் தாங்க மாட்டீர்கள். மாரியம்மா அத்தை எங்கே என்று கேட்பாள். அவளை நான் மறுநாள் காலை உங்களிடம் அனுப்புகிறேன், தலை வாரி விடுங்கள், பேன் நிறைய இருக்கிறது. நான் கூப்பிடும்வரை நீங்கள் வராதீர்கள்.

சாவியை அண்ணனிடம் கொடுத்து வாசல் ஆணியில் மாட்டச் சொல்லுங்கள். கதவை நானே திறந்துகொள்கிறேன்.

பஞ்சாலை